சல்லிக்கு ஓர் அழைப்பாணை

கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டும்போது ஒரு கட்டத்தில் அது சாப்பாட்டின் மணத்தைக் கைவிட்டுவிடும். அதன் பிறகு வருவது வெதுவெதுப்பான, இலேசாகப் புளித்த ஒரு மணம். சுவரொட்டிப் பசையின் மணம். போன கிழமை பேருந்து நிலையத்தின் பின்சுவரில் யாரோ ரியூசன் வகுப்பு விளம்பரம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மரக்கறிப் பையோடு அந்த இடத்தைக் கடந்தேன். நடை தானாக வேகமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி முகத்தைப் பார்த்து, "பென்சன்காரனுக்குக் காலமை என்ன பதட்டம்?" என்று கேட்டாள். வெயில் என்றேன். அவள் நம்பவில்லை.

நீதிமன்றப் பணியாளர்களின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி, என் கதிரையில் இப்போது இருக்கும் சுகந்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அழைப்பாணையைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை மெல்ல மெல்லக் குறைகிறது. சிலது தபாலில் போகிறது, சிலது தொலைபேசிக்குச் செய்தியாகப் போகிறது. "அண்ணை, நீங்கள் சைக்கிளில திரிஞ்ச கதையளை எழுதுங்கோ. வாசிச்சுச் சிரிப்பம்" என்றாள். சிரிக்கவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பசை மணத்துக்குப் பிறகு எனக்கு எழுத வருவது வேறொன்று.

எங்களை ஊரில் 'பிஸ்கல்' என்பார்கள். நீதிமன்றம் ஒருவரை வரச் சொல்கிற கடதாசியை அந்த ஒருவரின் கையிலேயே சேர்ப்பது எங்கள் வேலை. வேலை பழகிய வருடங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தம்பலகாமத்தில், உழவு மெசினை விட்டு இறங்க மறுத்த ஒரு மனிதரோடு நானும் தொற்றி ஏறிக் குளக்கட்டு முழுக்கக் குலுங்கியதில், கடைசியில் அவருக்கே அலுத்துப்போய்க் கையெழுத்து வைத்தார். குச்சவெளிக்குப் போகும் பேருந்தில், நான் தேடிப்போன ஆளே பக்கத்துச் சீற்றில் இருந்து எனக்கு வழி சொன்னார், தன் வீட்டுக்கு மட்டும் பிழையான வழி. சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகள்தோறும் பையைக் கொட்டி, இது வேலி வழக்கு, இது மனைவி கேட்ட தாபரிப்பு வழக்கு என்று பரப்பிக் காட்டினேன். காற்று அடித்தால் அடுத்தவர்களின் குடும்பச் சண்டைகள் தார் றோட்டில் பறக்கும். நான் துரத்திப் பிடிப்பேன். ஆமிக்காரப் பெடியன்களும் சேர்ந்து துரத்துவார்கள். இவ்வளவுதான் என் பயிற்சி.

வேலை முறை எளிது. அழைப்பாணை இரண்டு பிரதியாக வரும். ஒன்றை ஆளிடம் கொடுக்க வேண்டும். மற்றதில் கையொப்பம் வாங்கி, அதன் பின்பக்கத்தில் எங்கே, எப்படி, யார் முன்னிலையில் கொடுத்தேன் என்று எழுதி, அது உண்மை என்று சத்தியமும் செய்ய வேண்டும். ஆளைக் காணாவிட்டால் காணவில்லை என்று எழுத வேண்டும். கண்டும் வாங்க மறுத்தால் மறுத்தார் என்று எழுத வேண்டும். அந்தப் பின்பக்கத்தில் அலங்காரத்துக்கு இடமில்லை. மேகம், கடல், என் மனநிலை ஒன்றும் அங்கே போகாது. எழுதுவதில் ஆசை பிடித்த எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. பிறகு அதுவே ஒரு பிடிமானமாயிற்று.

எங்களுக்கு மேலதிகாரி மாஷல். கதிர்காமு ஐயா என்று பெயர். மெலிந்த மனிதர், வெள்ளைச் சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டியிருப்பார். குரல் உயர்ந்ததை நான் கேட்டதில்லை. எவ்வளவு அவசரமானாலும் கதிரையில் இருந்தபடி ஓர் அழைப்பாணையைத் தந்ததில்லை. எழும்பி நின்று, முகவரியைத் தானே ஒருமுறை வாசித்து, பிறகுதான் தருவார். தரும்போது மூன்று கேள்வி.

"வாசலில நாய் நிக்குமோ?"

"ஆர் முதல்ல வெளியில வருவினம்?"

"திரும்பி எந்தப் பாதையால வருவீர்?"

முதல் வருடத்தில் இது கிழவரின் விசர் என்று நினைத்தேன். பிறகுதான் பிடிபட்டது, மூன்றும் ஒரே கேள்வி: நீ போய் வந்த பிறகு அந்த வீட்டுக்கு என்ன நடக்கும்? "வீட்டுப் பேரைச் சொல்லி விசாரியாதேயும்" என்பார். "பக்கத்து வீட்டைக் கேளும். பிஸ்கல் தேடின ஆள் எண்டு பேர் வந்தால் அது கழுவுப்படாது."

இனிக் கனகரின் விசயம்.

கனகர் துறைமுகத் தொழிலாளர்களின் தலைவர், நகரசபையிலும் இருந்தவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், தூறல் விழுந்த ஒரு காலையில், மூதூர்ப் பயணிகள் படகான லோஞ்சு வந்து கட்டுகிற இறங்குதுறையில் அவரைச் சுட்டார்கள். 'இனந்தெரியாதோர்' என்று எழுதி மரண விசாரணையை மூடினார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அவரவர் தமக்குப் பிடிக்காத பக்கத்தைக் காட்டி 'அவங்கள்தான்' என்றார்கள். காட்டிய கைகள் நரைத்தன. சில சுடலைக்கும் போயின.

அவருடைய மகள் மதுரா அப்போது நடக்கப் பழகிய குழந்தை. வளர்ந்து ஆசிரியையாகி, தலைமுடியில் வெள்ளை விழத் தொடங்கிய வயதில், மாதம் ஒருமுறை அப்பா இறந்த திகதியில், துறைமுக வீதிச் சந்தியில் வந்து நின்றார். கையில் ஒரு மட்டை. "எங்கள் அப்பாவைச் சுட்டது யார்?" அவ்வளவுதான். கோசம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. முதலில் தனியே நின்றார். ஓட்டோக்காரர்கள், "ரீச்சர், வெயிலுக்குள்ள நிண்டு வெடிச்சத்தம் கேக்குதோ எண்டு பாக்கிறாவோ" என்று பகிடி பண்ணினார்கள். பிறகு அவர்களில் ஒருவரே குடை கொண்டுவந்து கொடுத்தார். ஆட்கள் சேர்ந்தார்கள், ஒரு குழு உண்டானது. கையெழுத்துச் சேர்த்தார்கள், மனுப் போட்டார்கள், கொழும்புக்கும் திருகோணமலைக்குமாக அலைந்தார்கள். கடைசியில் நீதவான், சாட்சி இருந்தால் மீண்டும் விசாரிக்கலாம் என்றார்.

சாட்சி இருந்தார். சல்லி என்கிற கடற்கரை ஊரில் கருவாடு போடுகிற ஒரு பெண். அன்று கருவாட்டுப் பெட்டியோடு மூதூருக்குப் போக இறங்குதுறையில் நின்றவர். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒருமுறை சுவர்களில் எழுதப்பட்டது போதும்.

எப்படி எழுதப்பட்டது என்றால், எங்கள் ஊர்களில் செத்த வீட்டுக்கு ஒரு முடிவு உண்டு. நன்றி நவிலல். மலர்வளையம் வைத்தவர், பந்தல் போட்டவர், சாப்பாடு தந்தவர் எல்லோருக்கும் பெயர் சொல்லி நன்றி அச்சடிக்காவிட்டால் குறை. குழுவின் செயலாளர் சின்னத்துரை மாஸ்டர், நகரத்தில் பாதிப் பேருக்கு மரண அறிவித்தல் எழுதிக் கொடுத்தவர். கனகரின் ஆண்டு நினைவுச் சுவரொட்டியையும் அவர்தான் எழுதினார். கை பழகிய வழியில் போயிற்று. அடியில் நன்றி நவிலல்: பூசை செய்த ஐயருக்கு, பத்திரிகைகளுக்கு, ஓட்டோச் சாரதிகளுக்கு, சாட்சி சொல்ல முன்வந்த சல்லியைச் சேர்ந்த திருமதி இன்னாருக்கு.

அந்தப் பெண் மதுராவிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். நான் சாட்சிக் கூட்டில் ஏறி நிற்கும்வரை என் பேரை ஒருத்தரிடமும் சொல்லாதே.

சுவரொட்டி ஒட்டிய மறுநாள் காலை நான் வேலைக்குப் போகையில் மணிக்கூட்டுக் கோபுரப் பக்கச் சுவரில் மதுரா தேங்காய்த் துருவலையால் சுரண்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு உடுத்திய சேலை முழுக்கப் பசை. காலடியில் வாளி, தண்ணீர், கிழிந்த கனகரின் முகங்கள். பக்கத்தில் மாஸ்டர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக.

"பிள்ளை, உதவி செய்த ஒரு மனிசிக்கு நன்றி சொல்லாமல் விடுறதோ? எத்தினை அறிவித்தல் எழுதினனான், ஒருத்தரையும் விட்டதில்லை."

"மாஸ்டர், வாளியைப் பிடியுங்கோ."

"நான் மரியாதைக்குத்தான்..."

"வாளியைப் பிடியுங்கோ மாஸ்டர்." மதுராவின் குரலில் கோபம்கூட இல்லை. என்னைக் கண்டதும் சுரண்டுவதை நிறுத்தினார். "அண்ணை, உங்கட பையுக்க கிடக்கோ?"

எது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கான அழைப்பாணை முதல்நாள் பின்னேரம்தான் கையெழுத்தாகி வந்திருந்தது. ஓம் என்று தலையசைத்தேன்.

"இண்டைக்குப் போகாதேங்கோ." உடனேயே, "போகாமலும் விடாதேங்கோ" என்றார்.

இரண்டும் சரிதான். இன்று நான் சல்லிக்குள் போனால், சுவர் சொன்னதை நீதிமன்றமே வந்து உறுதிப்படுத்தியதாக ஆகும். போகாவிட்டால் விசாரணைத் தவணை தவறும். தவணைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. நீதவான் மாற்றலாகிப் போகவிருந்தார். புதியவர் வந்தால் வழக்குக் கோவை மறுபடி அலுமாரிக்குள் போகும், அதற்குள் இருந்து வெளியே வர இன்னொரு ஆயுள் எடுக்கும்.

மாஷலிடம் சொன்னேன். யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார். வழக்கமான மூன்று கேள்விகளையும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பிறகு எழும்பினார்.

"சல்லிக்குக் கிடக்கிற எல்லாத்தையும் எடும்."

"எல்லாத்தையும் எண்டால்?"

"வேலி, தாபரிப்பு, வலை, ஆடு, காணிப் பங்கு. அடுத்த மாசத்துக்குரியதையும் எடும். அவ்வளவையும் இண்டைக்குக் குடும். ஊருக்கே காய்ச்சல் எண்டால் ஒரு ஆளின்ர காய்ச்சலை ஆரும் தேடமாட்டினம்." என் பையைத் தானே வாங்கி அடுக்கினார். அந்த ஒரு கடதாசியை நடுவில் செருகினார். "முதலாவதாயும் போகாதேயும். கடைசியாயும் போகாதேயும். அங்க ஒரு நிமிசம் கூடுதலாயும் நிக்காதேயும்."

சல்லி சிறிய ஊர். ஒரு பக்கம் கடல், முத்துமாரியம்மன் கோயில், மணலில் இழுத்து விட்ட வள்ளங்கள். நான் மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள் செய்தி எனக்கு முன்னால் சைக்கிளில் போய்விட்டது.

"என்ன பிஸ்கல், கோட்ஸ் சல்லிக்கு இடம் மாறிட்டுதோ?"

"எனக்கு ஒண்டும் இல்லையோ? மனிசி கோவிக்கப் போறா, பக்கத்து வீட்டுக்கு வந்தது எங்களுக்கு வரேல்லை எண்டு."

ஆட்டு வழக்குக்காரர் கடதாசியைப் பார்த்துவிட்டு, "இந்த ஆடு கறியாகி எத்தினை நாளாச்சு. இதுக்குப் பிறகுமோ?" என்றார். நான் சிரித்தேன். சிரித்த வாய்க்குள் நாக்கு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் நிதானமாகக் கையொப்பம் வாங்கினேன், தண்ணீர் கேட்டுக் குடித்தேன், வெயிலைத் திட்டினேன். கோயிலடி வேப்பமர நிழலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டி வந்தவன் அதன்மேல் சாய்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர்க்காரன் இல்லை என்பது அவன் செருப்பில் மணல் இல்லாததில் தெரிந்தது. எங்கும் ஆட்கள் அப்படி நிற்பார்கள். யாரையாவது காத்து நிற்பார்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொன்னேன்.

சாட்சிப் பெண்ணின் வீட்டு வேலியில் அவர் மகன் நின்றான். முப்பதைத் தாண்டிய ஆள், தோளில் வலை.

"அம்மா இல்லை."

அவனுக்குப் பின்னால், பாயில் பரப்பிய மீனைக் குனிந்து புரட்டிக்கொண்டிருந்த பெண் நிமிரவில்லை.

"அந்த நிக்கிறது?"

"அது வேற ஆள்."

"தம்பி..."

"காலமை ஒருத்தன் வந்து தண்ணி கேட்டுக் குடிச்சிட்டுப் போறான். வடிவான வீடு எண்டு சொல்லிப்போட்டுப் போறான். இந்த வீட்டில என்ன வடிவு கிடக்கு? அம்மா இல்லை எண்டு எழுதிக்கொண்டு போங்கோ அண்ணை. உங்களுக்கு அது ஒரு வரி."

ஒரு வரிதான். ஆளைக் காணவில்லை. அதை எழுதினால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. அந்த ஒரு வரி அந்த வீட்டைக் காப்பாற்றவும் கூடும். கடல் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் முந்தானையில் கை துடைத்தபடி வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கும்.

"தம்பி, கண்ட ஆளைக் காணேல்லை எண்டு எழுத உங்களுக்கு ஏலுமோ?"

வாய் தானாகச் சொன்னது. "ஏலாது அக்கா."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "கேட்டியோ? அவருக்கும் ஏலாதாம்."

வாங்கிக்கொண்டார். கையொப்பம் வைத்த இடத்தில் மீன் உப்பு பட்டுக் கடதாசி நனைந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் வேலி வழக்கைக் கொடுக்கும்போது நான் திரும்பித் திரும்பித் தெருவைப் பார்ப்பதைக் கண்டு அவர், "உங்களுக்கே பயமெண்டால் நாங்கள் என்ன செய்யிறது?" என்றார். போன பாதையை விட்டு, சாம்பல்தீவுப் பக்கமாகத் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு நாளை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. சல்லிப் பக்கம் போய் எட்டிப் பார்க்கவேண்டும் என்று கால் உளைந்தது. மாஷல், "நீர் போனால் நீரே காட்டிக் குடுக்கிறீர்" என்று ஒரே வசனத்தில் மறித்தார். தெருவில் மோட்டார் சைக்கிள் ஒலித்தால் எழும்புவேன், ஓய்ந்தால் இருப்பேன். தேநீர்க் கடையில் ஒருவர், "சல்லிப் பக்கம் போனனீங்களாம்?" என்று சும்மா கேட்டார். சும்மா என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் எத்தனை அடுக்கு. மதுராவைச் சந்தியில் கண்டேன். இருவரும் தெரியாதவர்கள்போல் கடந்து போனோம். அவர் நகக்கண்களில் காய்ந்த பசை வெள்ளையாய் இருந்தது.

தவணையன்று பேருந்துகள் வந்தன, சல்லிப் பெண் வரவில்லை. மதுரா நீதிமன்றப் படிக்கட்டில் நின்று ஒவ்வொரு பேருந்தையும் பார்த்தார். பெயர் கூப்பிட நேரம் நெருங்கியபோது மீன் ஏற்றுகிற கூலர் வாகனம் ஒன்று வாசலில் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, போர்வை போர்த்தி, குளிரில் பல் அடிக்க, அவரும் மகனும். மகன்தான் முதலில் குதித்து அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினான். யாரையும் பார்க்கவில்லை.

கூட்டில் ஏறி அவர் சொன்னது சின்னக் கதை. லோஞ்சால் இறங்கிய கனகருக்குத் தூறலில் நனையாமல் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். இருவரும் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். குடை பிடித்தவரே சுட்டார். குடை விழுந்து காற்றில் உருண்டு தண்ணீருக்குள் போனது.

"ஆளைத் தெரியுமா?" என்று நீதவான் கேட்டார்.

"அதுக்குப் பிறகும் ஊருக்க கண்டனான் ஐயா. ஆளைக் காட்டினால் சொல்லுவன்."

சுட்டது, இத்தனை வருடம் ஊர் கைகாட்டிய அவங்கள் இல்லை. எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. கூட நடந்தவர், குடை பிடித்தவர்.

அடுத்த மாதம் துறைமுக வீதிச் சந்தியில் பாதிப் பேர் குறைந்துவிட்டார்கள். உண்மை வேண்டும் என்று நின்றவர்களுக்கு வந்த உண்மை பிடிக்கவில்லை. சிலருக்கு வீட்டில் வேலை, சிலருக்கு முழங்கால் வலி. சின்னத்துரை மாஸ்டர் மட்டும் விடாமல் வந்தார். மதுராவுக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றார். மட்டையில் அதே கேள்விதான். ஆனால் அதை வாசிக்கிறவர்கள் இப்போது வேகமாக நடந்தார்கள்.

கோவை மேல் நீதிமன்றத்துக்குப் போனது. வருடங்கள் இழுத்தன. கதிர்காமு ஐயா ஓய்வில் போனார். ஆளை அடையாளம் காட்டுவதற்கான தவணை ஒன்று கடைசியாகக் குறிக்கப்பட்டபோது எனக்கும் வேலை முடிகிற கிழமை. அந்த அழைப்பாணையை நானே கேட்டு வாங்கினேன். அந்தத் தவணை இன்னும் வரவில்லை. இதை எழுதும்போதும் தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் பேனை நிற்கிறது.

அதைக் கொண்டு சல்லிக்குப் போன அன்று என் பைக்குள் அது ஒன்றுதான் இருந்தது. மறைக்க இனி ஒன்றுமில்லை. நீதிமன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் அந்த அக்கா சொல்லிவிட்டார். மகன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான், அனுப்பியது அவர்தான். மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் கண்ணாடி போட்டு நிதானமாகக் கையொப்பம் வைத்தார்.

"இதுதான் நான் கொண்டு வாற கடைசி, அக்கா. நாளையோட எனக்கு வேலை முடியுது."

"இனி ஆர் கொண்டு வருவினம்?"

"ஒருத்தரும் வரமாட்டினம். போனுக்கு அறிவித்தல் வரும்."

"நான் அங்க போகாட்டி?"

"சாட்சி வரேல்லை எண்டு எழுதிப்போட்டு அடுத்த அலுவலைப் பாப்பினம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். நான் எழும்பினேன். அவர் என்னோடு வேலிவரை வந்தார். அதற்கு முன்னர் அப்படி வந்ததில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். சைக்கிள் ஸ்ராண்டை நான் தட்டியபோது என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நான் அங்க இல்லாட்டி, வரேல்லை எண்டு எழுத விடாதேங்கோ. வர விடேல்லை எண்டு எழுதச் சொல்லுங்கோ."